கழுகுக்கு நாற்பது வயது

இந்த வாரமும் கழுகு வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு முறை, குடியிருப்போர் சங்கக் குழுவில் ஒரு முறை. அனுப்பியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாம் எல்லோரும் அனுப்புகிறவர்கள்தான். குக்கர் விசில் அடித்தால் பொறுமை, லிஃப்ட் பாதியில் நின்றால் நிதானம், முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டால் தோல்வியே வெற்றிக்கு முதல் படி என்று, கண்ணில் பட்டதையெல்லாம் பிழிந்து பாடம் எடுக்கிறோம். என் கட்சி சின்னது. அனுபவத்திலிருந்து பாடம் வருவதில்லை. பாடம் முதலிலேயே தயாராக இருக்கிறது. அனுபவத்தைத்தான் பிறகு கூலிக்குப் பிடித்து வருகிறோம். அதே தோசை ஒட்டாமல் வந்திருந்தால், தொடக்கம் நன்றாக இருந்தால் பாதி வெற்றி என்று அதே உற்சாகத்தோடு எழுதியிருப்போம். எப்படித் திருப்பிப் போட்டாலும் பாடம் விழுகிறது என்றால், அதில் தோசைக்கு வேலையே இல்லை. அப்படியானால் மனுஷன் உருப்படுவதற்கு என்னதான் வழி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கழுகு. கதை தெரிந்ததுதான். நாற்பது வயதில் அதன் அலகு வளைந்து, நகம் மழுங்கி, இறகு கனத்துப்போகிறது. உடனே மலையுச்சிக்குப் போகிறது; அலகைப் பாறையில் மோதி உடைக்கிறது; புது அலகு முளைத்ததும் அதைக்கொண்டு நகங்களைப் பிடுங்குகிறது; புது நகம் வந்ததும் இறகுகளைப் பிய்த்துப் போடுகிறது; 150 நாள் கழித்துப் பளபளவென்று பறந்து இன்னும் 30 வருஷம் வாழ்கிறது. சரி, அந்த 150 நாளும் அது என்ன சாப்பிட்டது? அலகு இல்லாமல் இரையைக் கிழிக்க முடியாது. நகம் இல்லாமல் பிடிக்க முடியாது. இறகு இல்லாமல் இரை இருக்கும் இடத்துக்கே போக முடியாது. யாராவது டிபன் கேரியர் கொண்டுபோய்க் கொடுத்தார்களா? அப்படியானால் கேரியரோடு தினமும் மலையேறிய அந்தப் புண்ணியவானைப் பற்றியல்லவா பதிவு வந்திருக்க வேண்டும்? நகம் பிடுங்கிய காலோடு பாறையில் எப்படி உட்கார்ந்தது? தனக்கு நாற்பது முடிந்துவிட்டது என்று அதற்கு யார் சொன்னது? 150 நாளையும் கீழே நின்று எண்ணியவர் எந்த ஆபீசில் லீவு வாங்கினார்? பறவையின் அலகு எலும்பின் மேல் படர்ந்த கெரட்டின் உறை. நம் நகத்தில் இருக்கும் அதே பொருள். அது வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்ந்துகொண்டே இருக்கும். எலும்போடு உடைந்துபோனால் திரும்ப முளைக்காது. கழுகு பட்டினியில் செத்துப்போகும். இறகுகளோ கொஞ்சம் கொஞ்சமாகத் தாமே உதிர்ந்து முளைப்பவை, அதற்கு மலையேற வேண்டாம். அமெரிக்காவில் காலில் வளையம் மாட்டிக் கவனித்துவந்த வெண்தலைக் கழுகு ஒன்று 38 வயதுவரை இருந்து, 2015இல் நியூயார்க் மாநிலத்தில் வண்டியில் அடிபட்டுச் செத்தது. மலையேற இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது, பாவம். அதுவும் ஏன் கழுகே? காக்காய்க்குத் தன்னம்பிக்கை கிடையாதா? தினமும் மதில்மேல் வந்து உட்கார்ந்து, நாம் சோறு வைக்கும்வரை விடாமல் கத்தி, தின்றுவிட்டுப் போகிற ஜீவன் அது. ஆனால் அதிலிருந்து எடுக்கக்கூடிய பாடம் யாருக்கும் பிடிக்காது, அதனால் கழுகு.

கதை பொய்யாகவே இருக்கட்டும், நாலு பேருக்குத் தெம்பு கிடைத்தால் நல்லதுதானே என்பார்கள். பஞ்சதந்திரத்தில் நரி பேசவில்லையா என்றும் கேட்பார்கள். பேசுகிறது. ஆனால் நரி உண்மையிலேயே பேசியது என்று அங்கே யாரும் சத்தியம் செய்யவில்லை. தவிர, அந்த நரி பெரும்பாலும் அயோக்கியன், பல நேரம் ஜெயித்தும் விடுகிறது. கேட்கிறவனுக்கு உலகம் எப்படிப்பட்டது என்று கொஞ்சமாவது தெரிகிறது. கழுகுக் கதை யார் வாயிலிருந்து வருகிறது என்று பாருங்கள். சம்பள உயர்வு இல்லை என்று அறிவிக்கப்போகும் கூட்டத்தில்தான் அது திரையில் ஓடும். அலகை உடைத்துக்கொள்ள வேண்டியவர்கள் எப்போதும் கீழ்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள்.

நடந்த சம்பவத்துக்கும் இதே கதிதான். 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். அதற்கு 46 நாள் கழித்து ஜான் லாண்டி அதையும் மிஞ்சினார். நாலு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓட முடியாது என்ற மனத்தடை உடைந்தது, மற்றவர்களும் ஓடினார்கள் என்பது பாடம். இதற்கு 9 வருஷம் முன்பே, 1945இல், ஸ்வீடனின் குண்டர் ஹேக் 4 நிமிடம் 1.4 விநாடிவரை வந்துவிட்டார். உலகப் போரில் சேராத நாடு அது. மற்ற இளைஞர்கள் சண்டையில் இருந்தபோது அங்கே ஓட நேரம் இருந்தது. பேனிஸ்டருக்கு வேகம் கொடுக்க பிரேஷர், சாட்டவே என்ற இருவர் முறைவைத்து முன்னால் ஓடினார்கள். முன்னால் ஓட இரண்டு நண்பர்களைப் பிடி என்று ஒரு சுவரொட்டியிலும் பார்த்ததில்லை.

ஜெயித்தவர்களைப் பார்த்துத்தானே கற்க முடியும் என்று அடுத்த கேள்வி வரும். இரண்டாம் உலகப் போரில் கொலம்பியா பல்கலைக்கழகப் புள்ளியியல் குழுவில் இருந்த ஆபிரகாம் வால்ட் இதற்குக் கணக்கே போட்டுவைத்தார். திரும்பி வந்த விமானங்களில் எங்கே குண்டு துளைத்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வேறு இடங்களில் அடிபட்டவை திரும்பி வரவே இல்லை. வேலையை விட்டுத் தொழில் தொடங்கிக் கோடீஸ்வரர் ஆனவர் மேடையில் பேசுகிறார். அதே போல வேலையை விட்டவர் கடன்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால் வர முடியவில்லை. அந்த வால்ட், 1950 டிசம்பரில் இந்தியாவுக்குச் சொற்பொழிவுப் பயணம் வந்தபோது, நம் நீலகிரியில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்துபோனார். அதிலிருந்து ஒரு பாடம் எடுக்க முடியுமா? முடியாது. உண்மையில் நடப்பவற்றில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவை. மிச்சத்தில் வருகிற பாடங்களும் பெரிய தத்துவமாக வருவதில்லை. தோசை ஒட்டினால், வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான்.

உருப்படும் வழியைச் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். 1859இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் 'செல்ஃப் ஹெல்ப்' எழுதியதிலிருந்து வழி சொல்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை, அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும் என்பார்கள். நம் பால்காரர் நாலு மணிக்கே எழுந்து வருஷக்கணக்காகிறது. அவரை ஒரு மேடையிலும் காணோம். பாக்கெட்டுக்கு ஐம்பது காசு ஏற்றினால்கூட நாம் சண்டைக்குப் போகிறோம்.