360 கல்யாணம், ஒரே மாமனார்

ஸ்ரீபெரும்புதூரில் நின்றுகொண்டு கல்யாணத்துக்கு வேண்டிக்கொள்ள நினைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1017-இல் இந்த ஊரில் பிறந்த மகான், ஒரு கல்யாணக் கடிதத்தைக் காட்டி மனைவியைப் பிறந்தகத்துக்கு பஸ் ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காவி கட்டியவர். பஸ் மட்டும் என் கைச்சரக்கு. மற்றதெல்லாம் குருபரம்பரைக் கதைகள் சொல்வது.

இராமானுசர் அப்போது காஞ்சிபுரத்தில் குடித்தனம். திருக்கச்சி நம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டார். குலத்தில் குறைந்தவர் என்று ஊர் சொன்ன நம்பியைத் தன் ஆசானாக நினைத்தவர் இவர். அவர் சாப்பிட்ட மிச்சத்தைப் பிரசாதமாகச் சாப்பிட வேண்டும் என்பது ரகசியத் திட்டம். அழைத்துவர இவர் ஒரு தெரு வழியாகப் போக, நம்பி இன்னொரு தெரு வழியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். வரதராஜருக்கு ஆலவட்டம் வீசுகிற டியூட்டி, லேட்டாகப் போக முடியாது. மனைவி தஞ்சமாம்பாள் எச்சில் இலையைக் கோலால் தள்ளி, சாணி போட்டு மெழுகி, தலைமுழுகிவிட்டுப் புருஷனுக்குப் புதிதாக உலை வைத்திருந்தாள். இது முதல் சண்டை. அடுத்தது கிணற்றடி. குரு பெரிய நம்பி, மனைவியோடு அதே வீட்டில் வந்து தங்கியிருந்தார். அந்த அம்மாள் குடத்திலிருந்து தஞ்சமாம்பாள் குடத்தில் நாலு சொட்டுத் தெறித்ததில் சண்டை மூண்டு, குரு சொல்லாமல் கொள்ளாமல் ஸ்ரீரங்கம் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் மாமனார் எழுதியதுபோல ஒரு கடிதம்: வீட்டில் கல்யாணம், உடனே மகளை அனுப்பவும்.

தஞ்சமாம்பாள் சாதி பார்த்தது தப்புதான், வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒரே வீடு, ஒரே கிணறு, இரண்டு குடும்பம் என்றால் என்ன ஆகும் என்று திருவல்லிக்கேணி ஸ்டோர் வீடுகளில் இருந்தவர்களைக் கேளுங்கள். அவள் தரப்பை எழுத ஒரு குருபரம்பரைக்காரருக்கும் கை வரவில்லை.

இப்படிப்பட்ட ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றித்தான் நாட்டிலேயே அதிகம் கல்யாணக் கவலை உள்ள ஜனத்தொகை வந்து குவிந்தது என்று அடித்துச் சொல்வேன். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். கூடவே லாரி, புல்லட், டயர், கண்ணாடி. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பையன்கள் வந்து, ஒரு ரூமுக்கு ஆறு பேராகத் தங்கி, ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று மாறி மாறித் தூங்குகிறார்கள். ஊரில் தரகர் ஜாதகத்தைப் பிரிப்பதற்கு முன்பே கேட்கிறார்: “தம்பி பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?” “இப்போதைக்கு ட்ரெய்னிங்ணே.” ஜாதகம் மடிக்கப்படுகிறது. செவ்வாய் தோஷத்துக்காவது பரிகாரம் உண்டு.

ஆகவே வார லீவில் இவர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு கிழக்கே கிளம்புகிறார்கள். ஒரகடத்திலிருந்து வண்டலூர், அங்கிருந்து கேளம்பாக்கம், கோவளம் தாண்டினால் கடலோரம் திருவிடந்தை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது, இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. மூலவர் ஆதிவராகர். நித்யகல்யாணப் பெருமாள் என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும்.

தல புராணம் இதுதான். காலவ ரிஷிக்கு 360 பெண்கள். ஒரு பெண்ணைக் கரையேற்றவே நாக்குத் தள்ளுகிற நாட்டில் 360! ரிஷி பெருமாளிடம் முறையிட்டார். ஒருநாள் ஒரு பிரம்மச்சாரி வந்து பெண் கேட்டார். என்ன வேலை, சம்பளம் கைக்கு எவ்வளவு வருகிறது, சொந்த வீடா என்று ஒரு கேள்வி இல்லை. ரிஷிக்கு ஸ்டாக் தீர்ந்தால் போதும். வந்தவர் தினம் ஒரு பெண்ணாக 360 நாள் தாலி கட்டினார். ஒருநாள் பிசகவில்லை, ரீவொர்க் இல்லை. ஒரகடத்தில் எந்த லைன் சூப்பர்வைசரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் புரொடக்‌ஷன். வருஷத்தில் மிச்சமான நாட்களை ஷட்டவுன் மெயின்டனன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் 360 பேரையும் ஒருத்தியாக்கி, அகிலவல்லி என்று இடப்பக்கம் வைத்துக்கொண்டார். முதல் பெண் கோமளவல்லிக்குத் தாயாராகத் தனிச் சன்னதி. முதல்நாள் தாலி கட்டிக்கொண்டு, பாக்கி 359 கல்யாணத்துக்கும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அவள். தனிச் சன்னதி சண்டை போட்டு வாங்கியதாகத்தான் இருக்கும் என்பது என் சொந்த வியாக்கியானம்.

உற்சவரின் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு இருக்கிறது. பட்டர் தீபத்தைக் கிட்டே காட்டும்போது பார்க்கலாம். 360 மாமியார் இருந்திருந்தால் ஒரு பொட்டு போதாது. நல்ல வேளை, மாமனாரும் ஒருவரே.

வேண்டுதல் முறை சுருக்கமானது. மாலை வாங்கி அர்ச்சனைக்குக் கொடுத்தால், ஒன்றைத் திருப்பித் தருவார்கள். கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று. பிறகு மாலையை வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். வீடு என்றால் இங்கே ரூம். யூனிஃபார்ம் மாட்டுகிற ஆணியில், ஐடி கார்டுக்குப் பக்கத்தில், அது சருகாகத் தொங்கும். கல்யாணமானதும் ஜோடியாக வந்து அதே சருகைக் கோயிலில் சேர்க்க வேண்டும்.

இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் ஜப்பானியர்கள் நிறைய. அவர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம். அவர்களிடமும் ஒரு திருவிடந்தை இருக்கிறது. பெயர் இசுமோ. அங்கே ஜோடி சேர்க்கும் சாமி ஒகுனினுஷி. இவர் பயோடேட்டா 712-இல் தொகுத்த கோஜிகி என்ற நூலில் இருக்கிறது. எண்பது அண்ணன்மார் யாகமி என்ற இளவரசியைப் பெண் கேட்கப் போக, இவர் அவர்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு பின்னால் போனார். பக்கா கான்ட்ராக்ட் லேபர். வழியில் தோலுரிந்து கிடந்த முயலை உப்புத் தண்ணீரில் குளிக்கச் சொல்லி அண்ணன்கள் வேடிக்கை பார்த்தார்கள். இவர் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லி வைத்தியம் சொன்னார். பெண் உனக்குத்தான் என்றது முயல். அப்படியே ஆயிற்று.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்து சுசனோவோ என்ற முரட்டுத் தெய்வத்தின் மகள் சுசேரியோடு காதல். தூங்கிய மாமனாரின் தலைமுடியை உத்தரத்தில் கட்டிவிட்டு, அவருடைய வாள், வில், யாழ் சகிதம் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஓட்டம். முழித்த மாமனார் துரத்தி வந்து, பிடிக்க முடியாமல், தூரத்திலிருந்தே “என் பெண்தான் பெரிய சம்சாரம், தெரிந்ததா!” என்று கத்தி ஆசீர்வதித்தார். யாகமி பாவம், சுசேரிக்குப் பயந்து, பெற்ற பிள்ளையை மரக்கிளையின் கவட்டில் வைத்துவிட்டுப் பிறந்தகம் போய்விட்டாள். அதற்கப்புறமும் மனிதர், இல்லை சாமி, கல்யாணம் செய்வதை விடவில்லை.

இவரிடம்தான் ஒரு தேசமே வரன் கேட்கிறது. பெரும்பாலான சன்னதிகளில் இரண்டு முறை கை தட்டினால் போதும், இசுமோவில் நாலு. பழைய சந்திரக் கணக்கில் பத்தாம் மாதம் நாட்டின் சாமிகளெல்லாம் அங்கே கூடி யாருக்கு யார் என்று மீட்டிங் போடுகிறார்கள். நம் பெருமாளுக்கு மீட்டிங்கெல்லாம் கிடையாது. சிங்கிள் விண்டோ.

இரண்டு ஊரிலும் ஒரு நியாயம் தெரிகிறது. ஏகபத்தினி விரதம் என்றால் இராமர். ஆனாலும் வரன் அமைய எவனும் ராமர் கோயிலை முதலில் தேடுவதில்லை. ஒரே கல்யாணம் செய்தவருக்கு அனுபவம் பத்தாது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

போனமுறை போனபோது வாசலில் புதுஜோடி ஒன்று நின்றது. மாப்பிள்ளை நெற்றியில் வியர்வை. ரூம் காலி செய்தபோது யாரோ அந்தப் பழைய மாலையைக் குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டார்களாம். பரிகாரம் உண்டா என்று பூக்காரம்மாவிடம் கேட்டார். அந்த அம்மாள் நாரைப் பல்லால் கடித்தபடி சொன்னாள்: “புதுசா ஒண்ணு வாங்கிச் சாத்து தம்பி. தாலி கட்டியாச்சுல்ல, அதையா திருப்பிக் கேக்கப்போறாரு?”