அவருக்கு நேராத்தான் தெரியும்

“நம்பரைச் சொல்லு மருமகன்.”

தூரத்திலிருந்து நம் கொம்பியூட்டரை ஓட்டவிடும் எனிடெஸ்க் காட்டும் நீள இலக்கத்தைப் போனில் வாசித்து, ‘அக்செப்ட்’டையும் அமத்தினோமோ, போச்சு. மவுஸ் நம் கையை உதறிவிட்டுத் தன்பாட்டில் ஓடத் தொடங்கும். மாமா வந்துவிட்டார். சுவிசில் ரெஸ்டோரண்டின் மதியச் சமையலை முடித்துக் கட்டிலில் சரிந்திருக்கும் பிற்பகல் இரண்டரை மணி அவருக்கு. கோடைகாலமென்றால் இங்கே எங்கள் கதிரவெளியில் அது பின்னேரம் ஆறு, குளிர்காலமென்றால் ஏழு. என் போட்டோகொப்பிக் கடையில் ஆட்கள் நிறைகிற நேரம் பார்த்துத்தான் அவருக்கு ஓய்வு கிடைக்கும்.

உங்களுக்கும் ஒருவர் இருப்பார். சுவிசில் இல்லாவிட்டால் கனடாவில், அங்கும் இல்லாவிட்டால் லண்டனில். பிரிண்டரின் வயர் கழன்று மேசைக்குக் கீழே கிடந்தாலும் அதை ரிமோட்டில் தேடுவார். டெஸ்க்டொப்பில் நாம் வைத்ததையெல்லாம் ‘குப்பை’ என்று அள்ளி எங்கோ போடுவார். பனிமலைப் படமொன்றை வோல்பேப்பராக்கிவிட்டுப் போவார். இதெல்லாம் பொறுக்கலாம். ஸ்கிரீனைத் திருப்புவதைத்தான் பொறுக்க முடியாது.

நடப்பது இதுதான். அவர் போனிலிருந்து வருகிறார். போன் நெட்டுக்குத்து, நம் கொம்பியூட்டர் ஸ்கிரீனோ அகலம். போனில் அது நடுவே ஒரு பட்டிபோலச் சிறுத்துத் தெரியும். போனைப் படுக்கப் பிடித்தால் தீர்ந்துவிடும் காரியம். படுத்துக்கொண்டு பார்ப்பதால் ரொட்டேசன் லொக் போட்டிருக்கிறாராம். அதை எடுக்கப் பஞ்சி. ஆகவே எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு இந்தப் பக்கம் உள்ள என் மொனிட்டரைத் திருப்புகிறார். டிஸ்பிளே செட்டிங்ஸ், ஓரியன்டேசன், ‘போர்ட்ரெயிட்’. “இப்படியே வைக்கவா?” என்று விண்டோஸ் கேட்கும். பதினைந்து விநாடி பதில் சொல்லாமல் விட்டாலே பழையபடி வந்துவிடும். மாமா விடுவாரா? ‘கீப்’.

“இப்ப வடிவா இரிக்கு மருமகன்.”

அவருக்கு வடிவாகத்தான் இருக்கும். திருப்பம் நம் மொனிட்டரில்தான் நடக்கிறது. எனிடெஸ்க் போன்றவை விண்டோஸ் வரைந்த டெஸ்க்டொப்பை அனுப்புமே தவிர, இங்கே அது எந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறது என்பதைச் சுவிசுக்குச் சொல்லாது. அங்கே நிமிர்ந்து நிற்கும் அதே படம் எனக்கு விலாப் பக்கம் சரிந்து கிடக்கும். மவுஸை வலப்பக்கம் தள்ளினால் அம்பு மேலேயோ கீழேயோ போகும். மேலே தள்ளினால் பக்கவாட்டில் ஓடும்.

“மாமா, ஸ்கிரீன் கிறுகிட்டு.”

“எனக்கு நேராத்தானே தெரியுது. உன்ர மொனிட்டர்தான் பிழை. ஆரும் தட்டிட்டாங்களா?”

மொனிட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். அதைப் பார்க்க மட்டும் மனுசன் லொக்கை எடுக்காமலே போனைத் திருப்பியிருக்கிறார். “இந்தா, நேரா வந்திட்டே!” என்றார். ஸ்கிரீன் நேராயிருக்க, பின்னால் நின்ற பிரிண்டரும் சுவரில் தொங்கிய கலண்டரும் ஏன் சரிந்து கிடக்கின்றன என்ற கேள்வி அவருக்கு வரவில்லை.

அன்றைக்கு மொனிட்டரையே பக்கவாட்டில் சரித்து, இரண்டு ஏ-4 பேப்பர் கட்டுகளை முட்டுக் கொடுத்து வைத்தேன். அது வழுக்கியது, தலையைச் சரிப்பது சுகமாகப்பட்டது. வாகரைப் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் அடிக்க வந்த பெரியம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. “என்ன மனே, கழுத்துப் பிடிச்சிட்டா? எண்ணெய் போட்டு உருவினயா?”

இந்த மாமாமாரை மைக்ரோசொஃப்ட்காரனுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. விண்டோசின் சொந்த ரிமோட் டெஸ்க்டொப்பால் உள்ளே வந்தால், டிஸ்பிளே செட்டிங்ஸை ரிமோட்டிலிருந்து மாற்ற முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். ஆனால் வீட்டுக்கு வீடு அதைக் கொண்டுவருவது பெரிய பாடு. அதனால்தான் டீம்வியூவரும் எனிடெஸ்க்கும். முன்னது 2005இல் கோப்பிங்கனில் தொடங்கியது, பின்னது 2014இல் ஸ்டுட்கார்ட்டில். இரண்டும் ஜெர்மனியில் ஒரே மாநிலத்து ஊர்கள், அந்த மாநிலம் சுவிசின் எல்லையைத் தொடுகிறது. மாமாவைக் கேட்டால், இரண்டையும் தன் பக்கத்து வளவுக்காரர்கள் செய்ததென்று பெருமை பேசுவார்.

கோபத்தில் எழுதுகிறேன், சரி. இந்த மெசினை வாங்க 2020இல் காசு அனுப்பியவரும் அவர்தான். கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடக்க, பிள்ளைகளின் சூம் வகுப்புக்கு என்னென்ன அமத்த வேண்டுமென்று பொறுமையாகச் சொல்லித் தந்தவரும் அவரே. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். வேலை முடிந்தபிறகும் அவர் உடனே போவதில்லை. அம்பு மெல்லப் போய்ப் படங்கள் உள்ள போல்டரைத் திறக்கும். வெருகல் கோயில் திருவிழாப் படங்கள் ஒவ்வொன்றாக வரும். ஒரு படத்தில் கூட்டத்துக்குள் அவருடைய அம்மா நிற்கிறா. அங்கே அம்பு நின்றுவிடும். நானும் மவுஸைத் தொடாமல் இருப்பேன். தொட்டாலும் எங்கே போகுமென்று தெரியாதுதானே.

ஆனால் மாமா, அந்தப் படத்தையும் நான் கழுத்தைச் சரித்துத்தான் பார்க்கிறேன். படம் பார்த்து முடிந்ததும் நீங்கள் பட்டென்று தொடர்பை வெட்டிக்கொண்டு கிச்சினுக்குப் போய்விடுகிறீர்கள். திருப்பி வைத்த ஸ்கிரீன் அப்படியே கிடக்கிறது. பழைய இன்டெல் கிராபிக்ஸ் மெசின்களில் கொன்ட்ரோல், ஓல்ட், மேல் அம்பு மூன்றையும் சேர்த்து அமத்தினால் நிமிரும். நீங்கள் வாங்கித் தந்த புதியதில் அந்த வித்தை எடுபடாது. குறுக்கே ஓடும் அம்பை ஓட்டி ஓட்டி மறுகா செட்டிங்ஸுக்குள் போக வேண்டும். வந்த ஆட்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். டேட்டாவும் என்னுடையது. சரியாக வேலை செய்துகொண்டிருந்த மெசினைக் கேளாமலே ‘ஒருக்காப் பாப்பம்’ என்று திறப்பது உதவி இல்லை, தொல்லை.

சுவிசிலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற மாமாமாரே, வாங்க, வேணாமெண்டு ஆரும் சொல்லயில்ல. ரொட்டேசன் லொக்கை எடுத்திட்டு, போனைப் படுக்கப் பிடிச்சிக்கொண்டு வாங்க. பின்னேரம் ஆறு மணிக்கு மட்டும் வராதீங்க.