தாதாவுக்கு ஒரு தலைமறைவுக் கையேடு

அண்ணே, கம்பி நீட்டுவது என்று முடிவாகிவிட்டது. பெட்டியை அப்புறம் கட்டிக்கொள்ளலாம், முதலில் பெயரைப் பாருங்கள். மல்பே கடற்கரைக்காரர் ரவி பூஜாரி, புர்கினா ஃபாசோ பாஸ்போர்ட்டில் ஆன்டனி ஃபெர்னாண்டஸ் ஆனார். சோட்டா ராஜன் எடுத்துக்கொண்டது மோகன் குமார். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் சத்தமாகக் கூப்பிட்டால் ஆறு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள், அப்படிப்பட்ட பெயர். ராஜனின் பாஸ்போர்ட் புறப்பட்டது நம்ம பெங்களூருவிலிருந்துதான், விலாசம் மண்டியா. விண்ணப்பத்தில் கிராஸ் நம்பரைத் தப்பாக எழுதிவிட்டு நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். அவருக்கு எல்லாம் சுலபமாக நடந்தது. 2017-ல் அவரோடு சேர்த்து மூன்று முன்னாள் பாஸ்போர்ட் அதிகாரிகளுக்கும் டெல்லி நீதிமன்றம் ஏழு வருஷம் போட்டது. அது வேறு விஷயம்.

பெயரை மாற்றினால் மட்டும் போதாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதுவே வாயில் வரவேண்டும். 2015 அக்டோபரில் பாலி விமான நிலையத்தில் பெயரைக் கேட்டதும், ராஜன் பதற்றத்தில் ராஜேந்திர நிகால்ஜே என்று பெற்றோர் வைத்த பெயரையே சொல்லிவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. குடும்பஸ்தர் என்றால் பள்ளிக்கூட அட்மிஷன் இன்னும் பெரிய கண்டம். இத்தாலியின் ரோக்கோ மொராபிட்டோ இருபது வருஷத்துக்கு மேல் டிமிக்கி கொடுத்தவர். உருகுவேயில் மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது சொந்தப் பெயரைக் கொடுத்தார், 2017-ல் மாட்டினார். எல்.கே.ஜி. சீட்டுக்கு அலைந்த எந்த பெங்களூரு அப்பாவும் அவர்மேல் இரக்கப்படுவார்.

எந்த நாடு? துபாய் வேண்டாம், முத்தப்ப ராயை 2002-ல் அங்கிருந்துதான் அனுப்பிவைத்தார்கள். மொராக்கோவும் சரிப்படாது, அங்கே மாட்டிய பன்னஞ்சே ராஜாவைக் கேட்டால் சொல்வார்.

பிழைப்புக்கு ஹோட்டல் நல்லது. பூஜாரி செனகலில் 'நமஸ்தே இந்தியா' நடத்தினார். பிரான்சில் ஓர் இத்தாலியத் தலைமறைவு பீட்சா போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் கல்லாவில் உட்காருங்கள், வாசலில் நிற்காதீர்கள். சிசிலிக்காரர் ஜோவாக்கினோ கம்மினோ ரோம் சிறையிலிருந்து 2002-ல் தப்பி, மாட்ரிட் பக்கத்தில் காய்கறிக் கடை போட்டார். கடை வாசலில் நின்றவரை கூகுள் ஸ்ட்ரீட் வியூ வண்டி படம் பிடித்துக்கொண்டு போனது. 2021-ல் போலீஸ் வந்தபோது அவருக்கு ஒரே ஆச்சரியம்: பத்து வருஷமாக வீட்டுக்கே போன் பண்ணவில்லையே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பத்து வருஷம், அண்ணே! இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். பூஜாரிக்குத் தொழிலே போன்தான். கட்டடக்காரர்கள், சினிமாக்காரர்கள், அரசியல்வாதிகள் என்று ஒருவரையும் விட்டுவைக்காமல் மிரட்டியதாக வழக்குகள். 2018 டிசம்பரில் கொச்சி அழகு நிலையம் ஒன்றில் துப்பாக்கி வெடித்தது. நம்மை எல்லோரும் மறந்துவிடப் போகிறார்களே என்ற கவலையோ என்னவோ, மலையாளச் செய்தி சேனலுக்கு அவர் பெயரில் போன் வந்தது, நான்தான் என்று. ஒளிந்திருப்பவருக்கு விளம்பரம் எதற்கு?

அடுத்த மாதம் 19-ஆம் தேதி, டக்கார் நகரத்தில் ஒரு சலூன். முடிவெட்டும் நாற்காலியைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். எதிரே கண்ணாடி இருப்பதால் பின்னால் யார் நுழைகிறார்கள் என்று நன்றாகவே தெரியும். கழுத்தில் துணியைக் கட்டி, காதருகே கத்தரி நிற்பதால் எழுந்து ஓடத்தான் தோதுப்படாது. ஆயுதத்தோடு செனகல் போலீஸ் வந்திறங்கியது. வீட்டிலேயே ஒரு டிரிம்மர் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆன்டனி, புர்கினா ஃபாசோ குடிமகன் என்று அவர் சாதித்துப் பார்த்தார். ஜாமீனில் வந்து மறுபடி ஓடியும் பார்த்தார். பதின்மூன்று மாதம் இழுத்தடித்து, 2020 பிப்ரவரியில் கர்நாடகப் போலீஸ் கூட்டிவந்தது.

ஆகவே கடைசி யோசனை, திரும்பி வருவதைப் பற்றி. கெம்பேகவுடா விமான நிலையத்தில் விடியுமுன் இறங்கும் விமானமாக அமைந்தால் நல்லது. டாக்ஸிக்கு நிற்க வேண்டாம், வண்டி தயாராக இருக்கும். ஹெப்பாள் மேம்பாலமும் அந்த நேரத்தில் காலியாகத்தான் கிடக்கும்.