மேஜை மீது ஆல்ப்ஸ்

ஏப்ரல் மாதத்தில் ஷாமொனியிலிருந்து ஜெர்மாட் வரை பனிச்சறுக்கு மட்டைகளின் துணையோடு ஆல்ப்ஸ் மலையினூடே யாத்திரை செய்ய உத்தேசிக்கும் கனவான்கள், ஜனவரி தொடங்கியே சாப்பாட்டு மேஜையில் ஸ்விட்சர்லாந்து அரசாங்கத்தின் 1:25,000 அளவு வரைபடங்களை விரித்து, பென்சில் முனையால் அம்மலைகளை அநாயாசமாக ஏறி இறங்கி, களைப்புத் தீரக் காப்பியும் அருந்திவிடுகிறார்கள். அப்படங்களில் சமவுயரக் கோடுகள் மலைப்பகுதியில் 20 மீட்டருக்கு ஒன்றாக அமைந்திருப்பதால், 19 மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறையொன்று இரு கோடுகளுக்கிடையே சௌகரியமாக ஒளிந்துகொள்ள இடமுண்டு என்னும் அற்ப விஷயம் அவர்களுடைய உற்சாகத்தைக் குலைப்பதில்லை.

டாவோஸ் நகரத்துப் பனி ஆராய்ச்சி நிலையமோ பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்து அறிவிக்கிறது. ஐந்தாம் படியைக் கண்டு துணிபவரில்லை; முதற்படியைக் கண்டு அஞ்சுபவரில்லை; நடுவிலிருக்கும் மூன்றாம் படிதான் தர்மசங்கடம். போகலாமென்பாரும் போகலாகாதென்பாரும் அதன் ஒரே வாசகத்தையே பிரமாணமாகக் காட்டுவர். (போகலாமென்பார் சற்று உரக்கப் படிப்பார்.)

இரவுக் குளிரில் இறுகிக் கிடக்கும் வசந்தகாலப் பனி, வெயில் ஏறியதும் குழைந்து சரியத் தொடங்குமாதலால், விடியுமுன்பே புறப்பட வேண்டுமென்பது ஏகமனதான தீர்மானம். ஆயினும், அதிகாலை மூன்று மணிக்கு மற்றவரை எழுப்பும் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்பது மட்டும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.