தந்த தாவள்ய விசாரம்

மானிட சரீரத்தில் உள்ள வஸ்துக்களுள் மிகக் கடினமானது பல்லின் மேற்பூச்சாகிய எனாமலே என்றும், நூற்றுக்கு ஏறக்குறைய 96 பங்கு தாதுப்பொருளாலான அது ஒருமுறை தேய்ந்துபோனால் மறுபடி வளராது என்றும் வைத்திய சாஸ்திரம் அறுதியிட்டுக் கூறியிருக்க, அதே எனாமலைச் செங்கற்பொடியிட்டுப் பாத்திரம் துலக்குவதுபோல் துலக்கிவந்த நம் முன்னோரின் தைரியத்தை முதற்கண் வணங்கிவிட்டு, பல்லை வெளுப்பாக்கும் உபாயங்கள் எவை, அவற்றுக்கு உரிய அதிகாரிகள் யாவர் என்னும் விசாரணையில் பிரவேசிப்போம்.

மஞ்சள் என்பது அழுக்கு. அழுக்கு தேய்த்தால் போகும். போகவில்லையேல் இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும் என்பது பூர்வபட்சம். உமிக்கரி, செங்கல், உப்பு, சாம்பல் ஆகிய நால்வகைச் சம்பிரதாயத்தாரும் தமக்குள் எவ்வளவு பேதப்பட்டாலும் இந்தச் சித்தாந்தத்தில் ஒன்றுபடுவர். வெற்றிலைக் காவியையும் காப்பிக் கறையையும் பொறுத்தவரை இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் சுபாவத்திலேயே மஞ்சள் நிறமுடையதாகையால், மேற்பூச்சு தேயத் தேய அம்மஞ்சளே மேலும் துலங்கும். ஆயுள் முழுவதும் சிரத்தையாகக் கரி தேய்த்த பெரியவர் இறுதியில் அடைவது, எதை ஒழிக்கப் புறப்பட்டாரோ அதன் பூரண தரிசனமே.

எலுமிச்சைக் கட்சியாரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அமிலம் எனாமலைக் கரைக்கும்; ஊறுகாய்க்கு உரியதை ஊறுகாய்க்கே விட்டுவிடுக.

இனி ரோமாபுரி. எக்னாஷியஸ் என்ற ஸ்பெயின் தேசத்தான் நியாயஸ்தலத்திலும் இழவு வீட்டிலும் ஓயாமல் பல்லைக் காட்டிச் சிரித்ததைப் பொறாத கட்டலஸ் என்னும் லத்தீன் கவி, அப்பற்களின் பிரகாசத்துக்குக் காரணம் அவன் நாட்டார் மூத்திரத்தால் வாய் துலக்கும் வழக்கமே என்று பரிகசித்திருக்கிறார். இதைக் கேட்டு மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாகரிகர்கள், இன்று பல் மருத்துவர் கொடுத்தனுப்பும் கார்பமைடு பெராக்சைடு வாயினுள் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் யூரியாவாகவும் பிரிகிறது என்பதை அறியார்கள். (இந்த யூரியா தொழிற்சாலையில் தயாராவது, ஆறுதல் கொள்க.) வெளுக்கும் தொழிலைச் செய்வது பெராக்சைடே; அது எனாமலினூடே புகுந்து நிறப் பொருள்களைச் சிதைக்கிறது. பல்வரிசைக்கு அளவெடுத்த மெல்லிய உறையில் 10 சதவீத மருந்தை இட்டு இரவில் அணியும் முறையை 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் வெளியிட்டனர்.

அதிகாரி பேதம் வருமாறு: வயதினால் மஞ்சளித்தோரும் தேநீர், புகையிலை ஆகியவற்றால் கறைபட்டோரும் உத்தமர், சில நாள் கூச்சத்தைப் பொறுத்தால் பலன் கைகூடும். பால்யத்தில் டெட்ராசைக்ளின் மருந்துண்டு பல் சாம்பல் பூத்தோர் மத்திமர். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து நிலத்தடி நீரின் புளோரைடால் பழுப்புத் திட்டு ஏறியவர்களுக்கு வெளுப்பு மட்டும் போதாது. அது சமயத்தில் வெண்திட்டுகளை இன்னும் எடுத்துக்காட்டிவிடும். சொத்தையும் ஈறு நோயும் உடையோர் அவற்றைத் தீர்த்துக்கொண்டு வரும்வரை அதிகாரமற்றவர்கள்.

வெண்மை ஒன்றென்று எண்ணுவதும் பிழை. மருத்துவர் நம் உதட்டை விலக்கி, பல்லருகே ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பார்க்கும் பழைய பீங்கான் மாதிரி வரிசையில் 16 நிறங்கள் உண்டு. சற்றே செம்பழுப்பு, சற்றே மஞ்சள், சற்றே சாம்பல் என்று போகும் அவற்றுள் ஒன்றுகூட விளம்பரத்துக் காகித வெள்ளையன்று. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று வாழ்த்தியோர் இவற்றை எண்ணியிருக்க நியாயமில்லை.

முன்பல்லுக்குப் பீங்கான் உறை போட உத்தேசித்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பெராக்சைடு இயற்கைப் பல்லைத்தான் வெளுக்கும், உறையையோ நிறமொத்து அடைத்த அடைப்பையோ தொடாது. ஆதலால் முதலில் வெளுத்து, நிறம் நிலைப்பதற்கு இரண்டு வாரமாவது விட்டு, அதன் பிறகே உறைக்கு நிறம் பாருங்கள். வரிசை மாறினால் உறை ஒன்று மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும், அதை மாற்ற மறுபடியும் பணம் கட்ட வேண்டும்.