மோனை, பொலிசிலே சேரப் போறியோ?

மோனை, உப பொலிஸ் பரிசோதகர் வேலைக்கு விண்ணப்பம் கேட்ட வர்த்தமானியை நாலாய் மடிச்சுப் பொக்கற்றுக்குள்ளே வைச்சுக்கொண்டு நீ திரியிற விசயம் வீட்டிலே எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. கொம்மா மூக்கைச் சிந்துறாள். கொப்பர் வாய் திறக்கேல்லை. ஆனால் இனி ட்ரபிக் பொலிஸ் மறிச்சால் சொல்லுறதுக்கு ஒரு பெயர் இருக்கு எண்டு அந்தாள் உள்ளுக்குள்ளே கணக்குப் போடுது. ஆச்சி கோயிலுக்கு நேர்த்தி வைச்சிட்டா. நீ பாஸ் பண்ணவோ, பெயில் ஆகவோ எண்டு மட்டும் சொல்லுறா இல்லை.

நான் மறிக்க மாட்டன். வடமராட்சியிலே வெங்காயத்துக்குத் தண்ணி கட்டிக் கிழடான எனக்கு, ஹெந்தளையிலே மகள் வீட்டு விறாந்தையிலே குந்திக்கொண்டு சட்டம் பேச என்ன தகுதி? ஆனாலும், ஒரு பெம்பிளை பாக்கப் போனாலே ஏழு தலைமுறை விசாரிக்கிற ஆக்கள் நாங்கள். நீ அறுபது வயசு மட்டும் குடித்தனம் நடத்தப் போற படையின்ரை பூர்வீகத்தை விசாரியாமல் விடலாமோ?

முதலிலே ஒண்டு. காக்கி போட்டவன் ஒருத்தருக்கும் பயப்படத் தேவையில்லை எண்டு நினைச்சு வெளிக்கிடாதே. கான்ஸ்டபிளுக்கு சார்ஜனைக் கண்டால் பயம். சார்ஜனுக்கு உப பரிசோதகர், அவருக்குப் பரிசோதகர், அவருக்குப் பிரதான பரிசோதகர். அதுக்கு மேலே உதவி அத்தியட்சகர், அத்தியட்சகர், சிரேஷ்ட அத்தியட்சகர், பிரதிப் பொலிஸ் மா அதிபர், சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர். உச்சியிலே ஒரேயொரு பொலிஸ் மா அதிபர். இவ்வளவு பேருக்கும் சல்யூட் அடிச்ச கை வீட்டை வந்து சோத்தைப் பிசையேக்குள்ளே நடுங்காமல் இருந்தால் அது நீ செய்த புண்ணியம். உச்சியிலே இருக்கிறவருக்கு ஆரிலே பயம் எண்டு கேக்கிறியோ? பொறு, அங்கைதான் வாறன்.

களுத்துறைப் பொலிஸ் கல்லூரியிலே, படை பிறந்தது சனத்தைக் காக்கத்தான் எண்டு படிப்பிப்பினம். தலையை ஆட்டு, மாக்ஸ் கிடைக்கும். அப்பு சொல்லுறதை மனசிலே மட்டும் வை.

1656இலே ஒல்லாந்தன் கொழும்பைப் பிடிச்சான். மூண்டு வருசம் போக, 1659இலே, இராத்திரியிலே நகரத்தைக் காக்கச் சம்பளக் காவல்காரர் வேணும் எண்டு தீர்மானம் போட்டான். கொஞ்சச் சிப்பாயளைப் பிடிச்சு ரோந்து விட்டான். அந்த நாளையிலே பொலிஸ் நிலையம் எங்கை இருந்தது? கோட்டையின்ரை வடக்கு வாசலிலே ஒண்டு, கோட்டையிலிருந்து புறக்கோட்டைக்கு வாற பாதையிலே ஒண்டு, கைமன் வாசலிலே ஒண்டு. அதே ஒல்லாந்தன்தான் 1708இலே தொழுநோய்க்காரருக்கு ஆஸ்பத்திரி கட்ட நாங்கள் இருக்கிற இந்த ஹெந்தளையைத் தேடிப் பிடிச்சான். காவலைத் தன்ரை வாசலிலே வைச்சான், வருத்தக்காரரை ஆத்துக்கு அங்காலே வைச்சான். ஆரை ஆரிலேயிருந்து காக்கப் பொலிஸ் வந்தது எண்டு இதுக்கு மேலே நான் விளங்கப்படுத்தவும் வேணுமோ?

பிறகு வெள்ளைக்காரன். 1832இலே கொழும்புக்கு ஒரு படை அமைச்சான்: அத்தியட்சகர் 1, பிரதான கான்ஸ்டபிள் 1, கான்ஸ்டபிள் 5, சார்ஜன் 10, பியூன் 150. செலவுக்குச் சனத்திட்டை வரி. தன்னை மேய்க்கிறவனுக்குத் தானே கூலி குடுக்கிற வழக்கம் அண்டைக்கே தொடங்கிவிட்டுது.

ஊருக்குள்ளே இந்தச் சத்தம் ஒண்டும் இல்லை. அங்கை விதானையார் இருந்தார். கதியாலை அரை முழம் தள்ளி நட்டுப்போட்டான் எண்டு ரெண்டு பகுதியும் கத்தியோடை நிண்டால், சால்வையைத் தோளிலே போட்டுக்கொண்டு வருவார். ரெண்டு பேரின்ரை பாட்டன்மாரின்ரை வண்டவாளத்தையும் எடுத்து விடுவார். வெக்கத்திலே கத்தி கீழே போகும். அவரும் நேர்மையான மனிசன் எண்டு சொல்ல வரேல்லை. வாழைக்குலை எந்த வீட்டிலேயிருந்து முதல் போச்சுதோ அந்தப் பக்கம் எல்லை கொஞ்சம் வளையும். ஆனால் கதைச்சது எங்கடை பாசையிலே. 1963இலே அந்த முறையை எடுத்துக் கிராம சேவகரைக் கொண்டு வந்தாங்கள். சனம் இண்டைக்கும் அவரை விதானையார் எண்டுதான் கூப்பிடுது.

உன்ரை படையின்ரை முதல் தியாகி ஆர் தெரியுமோ? மாவனெல்லைப் பக்கம் உத்துவான்கந்தையிலே சரதியல் எண்டு ஒரு கள்ளன். பணக்காரரிட்டைப் பறிச்சு ஏழையளுக்குக் குடுத்தானாம். 1864 மார்ச் 21 அவனை வளைச்சுப் பிடிக்கேக்குள்ளே, கூட்டாளி மம்மலே மரிக்கார் சுட்டு, துவான் சபான் எண்ட மலாய்க்காரக் கான்ஸ்டபிள் செத்துப் போனார். கள்ளர் ரெண்டு பேரையும் மே மாதம் கண்டியிலே தூக்கிலே போட்டாங்கள். கள்ளனுக்கு நாடகம், படம், கதை எல்லாம் வந்தது. சபானுக்கு வருசத்திலே ஒரு நாள். மார்ச் 21 பொலிஸ் வீரர் தினம். நல்ல பேர் வேணும் எண்டால் எந்தப் பக்கம் சேரவேணும் எண்டு சனம் அப்பவே தீர்ப்புச் சொல்லிப் போட்டுது. நீ எண்டாலும் சபானை மறந்திடாதே.

அடுத்த வருசம், 1865இலே, 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் வந்தது. 1866 செப்ரெம்பர் 3 வில்லியம் ரொபேட் காம்பெல் பொறுப்பெடுத்தார். பம்பாய் மாகாணத்து ரத்னகிரியிலே பொலிஸ் நடத்தின அனுபவக்காரன். பிறகு முதலாவது பொலிஸ் மா அதிபரும் அவர்தான். அவர் பொறுப்பெடுத்த அந்த நாளைத்தான் படை தன்ரை பிறந்தநாளாய்க் கொண்டாடுது. கூத்து என்னெண்டால், ஒட்டுக்கு மேலே ஒட்டுப் போட்ட அந்த 1865ஆம் ஆண்டுச் சட்டம்தான் உனக்கும் சட்டம். விக்ரோறியா மகாராணி செத்து நூறு வருசத்துக்கு மேலே. அவவின்ரை காலத்துச் சட்டம் மட்டும் வலு சுகமாய் இருக்கு.

1913இலேயிருந்து 1937 மட்டும் டௌபிகின் எண்ட துரை தலைமை வகிச்சார். 24 வருசம்! அவரின்ரை கெட்டித்தனத்தைக் கண்டு 1930இலே பலஸ்தீனத்துப் பொலிசைத் திருத்த யோசனை சொல்லக் கூப்பிட்டாங்கள். பலஸ்தீனம் பேந்து எவ்வளவு அமைதியாய்ப் போச்சுது எண்டு நீ பேப்பரிலே பாக்கிறாய்தானே.

இப்ப உச்சி மனிசனின்ரை பயத்துக்கு வாறன். 1947இலே சேர் ரிச்சர்ட் அலுவிகாரை முதலாவது உள்நாட்டுப் பொலிஸ் மா அதிபர் ஆனார். 1955இலே ஒஸ்மண்ட் டி சில்வா வந்தார். பொலிசுக்குள்ளேயே படிப்படியாய் ஏறி வந்த மனிசன். பிரதமர் பண்டாரநாயக்க கேட்ட ஒரு காரியத்தைச் சட்டத்துக்கு ஒவ்வாது எண்டு மறுத்தார். 1959 ஏப்ரலிலே கட்டாய ஓய்வு குடுத்து வீட்டை அனுப்பினாங்கள். அந்தக் கதிரைக்குப் பொலிஸ் சேவைக்கு வெளியிலேயிருந்து அபேகோன் எண்ட நிர்வாக அதிகாரியைக் கொண்டுவந்து இருத்தினாங்கள். அதே வருசம் செப்ரெம்பரிலே பிரதமரைத் தன்ரை வீட்டு விறாந்தையிலேயே சுட்டாங்கள். ரெண்டையும் நான் முடிச்சுப் போடேல்லை, மோனை. தேதியை மட்டும் சொன்னன்.

மற்றது, “தமிழன் உள்ளே போனால்தான் எல்லாம் மாறும்” எண்டு நீ சந்தியிலே பெடியளுக்குப் பிரசங்கம் வைக்கிறாயாம். மாறும், மாறும். 1983 யூலையிலே கொழும்பு எரியேக்குள்ளே பொலிஸ் மா அதிபர் ஆர்? உருத்திரா இராஜசிங்கம். 1982இலேயிருந்து 1985 மட்டும் அந்தக் கதிரையிலே இருந்தவர் எங்கடை ஆள்தான். உச்சியிலே தமிழன், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழன்ரை வீடு சாம்பல். ஒருத்தர் ஏறிப் படை மாறுறதெண்டால் அண்டைக்கே மாறியிருக்க வேணும்.

2007ஐயும் கேள். யூன் 7 விடியப்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளுக்குள்ளே பொலிஸ் புகுந்தது. 376 தமிழரைப் பஸ்ஸிலே ஏத்தி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பிச்சுது. பொலிஸ் பதிவு இருந்தது, அடையாள அட்டை இருந்தது, ஆஸ்பத்திரித் துண்டு இருந்தது. எல்லாம் சரியாய் வைச்சிருந்தவனும் பஸ்ஸிலேதான். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் நிப்பாட்டச் சொல்லிச்சுது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்கவே அது பிழை எண்டு பிறகு ஒத்துக்கொண்டார். அந்த விடியப்புறம் கதவு தட்டின கான்ஸ்டபிளுக்கு எங்களோடை என்ன பகை? மேலேயிருந்து சொன்னாங்கள், தட்டினான். நான் உனக்குச் சொல்லுற வருத்தம் இதுதான்: இந்தப் படைக்குக் கழுத்து மேலே மட்டும்தான் திரும்பும்.

மருந்து குடுக்காமலும் விடேல்லை. 1987இலே 13ஆம் திருத்தம் பொலிஸ் அதிகாரத்தை மாகாணத்துக்குக் குடுத்தது. தாளிலே குடுத்தது தாளிலேயே பத்திரமாய் இருக்கு. 2001இலே 17ஆம் திருத்தம் பொலிஸ் ஆணைக்குழுவைத் தந்தது. 2010இலே அதன்ரை பல்லைப் பிடுங்கி, 2015இலே கட்டி, 2020இலே திரும்பப் பிடுங்கி, 2022இலே திரும்பக் கட்டினாங்கள். நான் என்ரை வாயிலேகூட இத்தினை தரம் பல்லு மாத்தேல்லை.

நல்லதையும் சொல்லோணும், இல்லாட்டில் கிழவன் ஒப்பாரி வைக்கிறான் எண்டுவாய். 2025 ஓகஸ்டிலே பாராளுமன்றம் 177 வாக்காலே தேசபந்து தென்னக்கோனைப் பொலிஸ் மா அதிபர் பதவியிலேயிருந்து நீக்கிச்சுது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. அவருக்குப் பிறகு வந்த பிரியந்த வீரசூரிய கான்ஸ்டபிளாய்ச் சேர்ந்து உச்சிக்கு ஏறினவர். ஏணி இருக்கு, மோனை. ஏறேக்குள்ளே கீழே ஆர் நிக்கிறான் எண்டு பாக்கிறதுதான் கஷ்டம்.

சரி, நீ என்ன செய்யோணும்? பெரிய புரட்சி ஒண்டும் வேண்டாம். எங்கடை ஒழுங்கையிலே இடியப்பம் அவிச்சு விக்கிற அக்காவைத் தெரியும்தானே? மகன் சாமான் குடுக்கப் போற சைக்கிள் களவு போச்சுது எண்டு ஒரு நிலையத்துக்கு முறைப்பாட்டுக்குப் போனா. நல்ல மரியாதை, கதிரை தந்து இருத்தினாங்கள். அவ தமிழிலே சொன்னா, அங்கை இருந்த பொலிஸ்காரர் சிங்களத்திலே எழுதினார். கையெழுத்து வைச்சிட்டு வந்தா. பிறகு பிரதி எடுத்து ஒரு பெடியனைக் கொண்டு வாசிப்பிச்சால், சைக்கிளை எங்கையோ நிப்பாட்டிப்போட்டு இடம் தெரியாமல் தவறவிட்டதாய் இருக்கு! கள்ளன் தாளிலேயிருந்தே தப்பி ஓடிவிட்டான். கடைசி வரி மட்டும் வலு திருத்தம்: வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது, சரியென ஏற்றுக் கையொப்பமிட்டார்.

நாட்டிலே எந்த மூலையிலும் அரச அதிகாரியோடை தமிழிலே அலுவல் பாக்கலாம் எண்டு அரசியலமைப்பு 22ஆம் உறுப்புரையிலே எழுதி வைச்சிருக்கு. அதை நடத்திக் காட்டத் தமிழ் எழுதத் தெரிஞ்ச ஆள்தான் கனக்க நிலையங்களிலே இல்லை. நீ போறதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரேயொரு நல்ல காரணம் அதுதான்.

ஆனபடியால், விண்ணப்பத்தைப் போடு. சிங்களத்தைப் பிழையில்லாமல் படி. தமிழையும் பிழையில்லாமல் எழுதிப் பழகு. மேலே இருக்கிறவனுக்குச் சல்யூட் அடி. அதுக்குச் சம்பளம் தருவாங்கள். ஆனால் முன்னாலே வந்து இருக்கிற சனம் சொல்லுறதை அதின்ரை பாசையிலே எழுதி, உண்மையாகவே வாசிச்சுக் காட்டி, விளங்கிச்சுதோ எண்டு கேட்டுப்போட்டுக் கையெழுத்து வாங்கு. அதை மட்டும் செய்தாலே, 1659இலேயிருந்து ஒருத்தனும் செய்யாததைச் செய்தவன் எண்டு சந்தியிலே நானே பிரசங்கம் வைப்பன்.