கொடுத்துச் சிவந்த மாவட்டம்

கர்ணனிடம்கூடக் கவச குண்டலத்தைக் கேட்டுத்தான் வாங்கினார்கள். கடலூர் மாவட்டத்துக்கு அந்த மரியாதையும் கிடையாது.

பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வீராணம் ஏரியை வெட்டிவைத்தார்கள், காட்டுமன்னார்கோவில் பக்கத்து வயல்களுக்காக. சென்னை என்றொரு ஊர் வரும், அங்கே ஃபிளாட்டுக்கு இரண்டு குளியலறை இருக்கும் என்பதெல்லாம் பாவம், அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. 1970களில் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோகச் செய்த ராட்சதக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் சாலையோரம் கிடந்தன. தண்ணீர் போகவில்லை, வீடில்லாதவர்கள் உள்ளே புகுந்து குடித்தனம் நடத்தினார்கள். அந்தத் திட்டத்தால் ஏழை ஜனங்கள் கண்ட ஒரே நன்மை அதுதான். 2004இல் புதிய வீராணம் திட்டம் வந்தது. இப்போது இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய், நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை கொண்டுபோக ஏற்பாடு. ஏரிப் பாசன விவசாயி தண்ணீர் கேட்டால் மேட்டூரைப் பார்க்கச் சொல்லலாம். மேட்டூர் கர்நாடகத்தைப் பார்க்கும்.

நெய்வேலிக்கு வாருங்கள். 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து கிராமம் கிராமமாக இடம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பழுப்பு நிலக்கரி எடுக்க வேண்டுமானால், கீழிருந்து முட்டிவரும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக் கொட்ட வேண்டும். மின்சாரம் தென்மாநிலங்களுக்கெல்லாம் போகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டுகிறோம் என்று, பச்சை நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்களை இறக்கினார்கள். பாதுகாப்புக்குப் போலீஸ் வேறு. நிலத்தை எப்போதோ எடுத்தாயிற்று, பயிர் வைத்ததுதான் தப்பு என்றார்கள். கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்கடியில் கிடந்த கரிக்கு அறுவடை வரை பொறுக்க முடியவில்லை. சோறு தின்கிறவர்கள் செய்கிற காரியமா இது?

எடுப்பது மட்டும்தானா என்று கேட்டுவிடாதீர்கள். சிப்காட் கொடுத்திருக்கிறார்களே! உப்பனாற்றங்கரையில் ரசாயன ஆலைகளை வரிசையாக உட்காரவைத்தார்கள். குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் காற்று திரும்பினால், இன்றைக்கு எந்த ஆலை ஓடுகிறது என்பதைச் சின்னப் பிள்ளைகளின் மூக்கே சொல்லிவிடும். வளர்ச்சி என்றால் கொஞ்சம் நாறத்தான் செய்யும். 2011இல் தானே புயல் பண்ருட்டிப் பலா மரங்களையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அது அரசாங்கம் கொடுத்ததல்ல, அந்தப் பெருமை கடலுக்கு.

2006-07இல் மத்திய அரசு, பின்தங்கிய பகுதிகளுக்கு நிதி கொடுக்க 250 மாவட்டங்களைப் பொறுக்கி எடுத்தது. கடலூரும் அதில் இருந்தது. பின்தங்கியதாம்! யாருக்குப் பின்னால்? இந்த மண்ணின் தண்ணீரைக் குடித்து, இந்த மண்ணின் கரியில் ஏசி போட்டுக்கொண்டு முன்னே போனவர்களுக்குப் பின்னால்.

அதனால் பிள்ளைகள் பஸ் ஏறிச் சென்னை கிளாம்பாக்கத்தில் இறங்குகிறார்கள். படித்த படிப்புக்கு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை கிடைக்கிறது. காலையில் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்புவதும் அவர்கள் பொறுப்பு. ஊர்த் தண்ணீர்தான். வழிந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.